பீப் ஒலி எழுப்பிவிட்டு இயங்க மறுக்கும் கணினி: பழுதைக் கண்டறியும் வழி

பவர் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் எதுவும் தோன்றவில்லை, பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்ற ஒலி மட்டும் கேட்கிறது. இந்த நிலையில் பலர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறார்கள். அல்லது கணினி அடியோடு போய்விட்டது, அதிலிருந்த படங்களும் ஆவணங்களும் அழிந்துவிட்டன என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. அந்த ஒலி, கணினி தன் பழுதைப் பற்றித் தானே தரும் தகவல். அதைச் சரியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்த்தால், இத்தகைய பழுதுகளில் கணிசமானவற்றை ஸ்குரூடிரைவரைத் தவிர வேறு கருவி இல்லாமலே வீட்டில் சரிசெய்துவிட முடியும்.

மின்சாரம் கிடைத்தவுடன் விண்டோஸோ லினக்ஸோ தொடங்கிவிடுவதில்லை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ எனப்படும் மென்பொருள் பதிந்திருக்கிறது. கணினியின் மூளையான பிராசஸர் முதலில் இயக்குவது அதைத்தான். அது ராம் (தற்காலிக நினைவகம்), கிராஃபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி), கீபோர்டு என்று ஒவ்வொன்றும் பதில் சொல்கிறதா எனச் சோதிக்கிறது. ‘போஸ்ட்’ என்று அழைக்கப்படும் இந்தச் சோதனை 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியிலேயே இருந்தது. திரை உயிர்பெறுவதற்கு முன்பே ஒரு பிழை தென்பட்டால் அதை எழுத்தில் காட்ட வழியில்லை என்பதால், எண்ணிக்கையாலும் நீளத்தாலும் வேறுபடும் ஒலிகளாக அது வெளிப்படுகிறது.

இதிலிருந்து நமக்குச் சாதகமான இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒலி வருகிறது என்றால் பவர் சப்ளை ஓரளவேனும் வேலை செய்கிறது, பயாஸ் இயங்குகிறது, பெரும்பாலும் பிராசஸரும் நலமாக இருக்கிறது. எந்த ஒலியும் இல்லாமல் கிடக்கும் கணினியைவிட ஒலி எழுப்பும் கணினியைச் சரிசெய்வது எளிது. மற்றொன்று, இந்தச் சோதனை ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ உள்ள கோப்புகளைத் திறப்பதற்கு முந்தைய கட்டத்தில் நடப்பது. ஆகவே இந்த ஒலியால் உங்கள் கோப்புகள் அழிந்திருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கணினியே திரும்ப எழாவிட்டாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் டிஸ்க் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருந்தால், அதாவது மறைகுறியாக்கிப் பூட்டப்பட்டிருந்தால், அதைத் திறப்பதற்கான ரெக்கவரி கீ உங்களிடம் இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் முன் கேளுங்கள்

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். யூபிஎஸ்ஸின் பேட்டரி பலவீனமாகிவிட்டாலோ, அதன் மீது சுமை அதிகமாகிவிட்டாலோ அதுவும் பீப் ஒலிதான் எழுப்பும். மேசைக்குக் கீழே இரண்டும் அருகருகே இருக்கும்போது எது ஒலிக்கிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது. கணினியை யூபிஎஸ்ஸிலிருந்து பிரித்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். யூபிஎஸ் தனியாக நின்றும் ஒலித்தால், திறக்க வேண்டியது கணினிப் பெட்டியை அல்ல. அதேபோல், டக், டக் என்று தட்டுவதுபோன்ற ஓசை வந்தால் அது ஹார்ட் டிஸ்க்கின் உட்பாகம் தடுமாறுவதன் அறிகுறி. அந்த நிலையில் கணினியை மீண்டும் மீண்டும் இயக்குவது டிஸ்க்கில் உள்ளவற்றுக்கு ஆபத்து என்பதால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஒலி கணினியிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு ஒருமுறை பவர் பொத்தானை அழுத்துங்கள். பதற்றத்தில் எண்ணினால் எண்ணிக்கை தவறும். பதிவு இருந்தால் நிதானமாகத் திரும்பக் கேட்கலாம். மொத்தம் எத்தனை ஒலிகள், அவற்றில் எவை நீளம் எவை குறுகியவை, நடுவில் இடைவெளி எங்கே விழுகிறது, தொடர் ஒருமுறையோடு நிற்கிறதா அல்லது திரும்பத் திரும்ப வருகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பின்னர் கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும் இந்தத் தாள் பயன்படும்.

ஒலியின் பொருள் எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றல்ல. பயாஸைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்தும், கணினியைத் தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்தும் அது மாறும். ஆகவே மதர்போர்டின் அல்லது கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு அதன் கையேட்டைத் தேடிப் பார்ப்பதே நம்பகமான வழி. கையேடு கிடைக்காதவர்கள் கீழ்க்காணும் பொதுவான வழக்கங்களை வைத்துத் தொடங்கலாம். ஏஎம்ஐ நிறுவனத்தின் பழைய பயாஸ்களில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று குறுகிய ஒலிகளோடு கணினி நின்றுவிட்டால் ராமையும், ஐந்து ஒலித்தால் பிராசஸரையும், ஆறு ஒலித்தால் கீபோர்டு கட்டுப்பாட்டுப் பகுதியையும், எட்டு ஒலித்தால் கிராஃபிக்ஸ் நினைவகத்தையும் சந்தேகிக்க வேண்டும். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கிராஃபிக்ஸ் பழுதையும், விடாது வரும் நீண்ட ஒலிகள் ராம் பழுதையும் குறிக்கும். ஏசுஸ் மதர்போர்டுகளிலோ ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் சேர்ந்தால் ராம் கண்டறியப்படவில்லை என்று பொருள். மூன்று குறுகிய ஒலிகள் சேர்ந்தால்தான் கிராஃபிக்ஸ். ஒரே ஒலித்தொடர் இரு இடங்களில் இரு பொருள் தருகிறது என்பதைக் கவனியுங்கள்; மாடலைப் பார்க்காமல் பொதுப் பட்டியலை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்கிவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். டெல் மேசைக்கணினிகள் பலவற்றில் இரண்டு ஒலிகள் ராம் இல்லை என்பதையும், நான்கு ஒலிகள் ராம் பழுதையும், ஐந்து ஒலிகள் மதர்போர்டு பேட்டரியையும், ஆறு ஒலிகள் கிராஃபிக்ஸையும் சுட்டும். எச்பி கணினிகள் நீண்ட ஒலிகளை ஒரு தொகுதியாகவும் குறுகியவற்றை இன்னொரு தொகுதியாகவும் எழுப்பி, அதே கணக்கில் விளக்கையும் மின்னவைக்கும். மூன்று நீண்டவையும் இரண்டு குறுகியவையும் என்றால் ராம். ஃபீனிக்ஸ் பயாஸ்கள் 1-3-4-1 என்பதுபோல இடைவெளி விட்டுத் தொகுதி தொகுதியாக ஒலிப்பதால், இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளாவிட்டால் எண்ணியது வீண்.

ஒரேயொரு குறுகிய ஒலி மட்டும் வந்து நின்றால் பல மதர்போர்டுகளில் சோதனை வெற்றி என்று பொருள். அப்படியிருந்தும் திரை இருண்டிருந்தால் மானிட்டர், அதன் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிளைத் தவறுதலாக மதர்போர்டின் துளையில் செருகிவைப்பது மிகப் பரவலாக நடக்கும் தவறு. கேபிள், கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும்.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஒலிப்பானே இருப்பதில்லை. அவற்றின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குதல்) என்று எழுதப்பட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் சோதனை தடைபட்டிருக்கிறது. விளக்கும் இல்லை, ஒலிப்பானும் இல்லை என்றால், மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று குறிக்கப்பட்ட பின்களில் பொருத்துவதற்கான சிறு ஒலிப்பான் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். மிக எளிய பொருள்தான். ஆனால் பழுது பார்ப்பதில் பாதி வேலையை அது குறைத்துவிடும்.

வெளிப்புற இணைப்புகள்

கணினியை அணைத்து, கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென்டிரைவ் என வெளியே இணைந்திருக்கும் அனைத்தையும் கழற்றிவிட்டு, மானிட்டர் மட்டும் இணைந்த நிலையில் இயக்கிப் பாருங்கள். கீபோர்டில் ஒரு விசை அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருந்தாலும் அதன் மீது ஏதேனும் பாரம் இருந்தாலும் கணினி விடாமல் ஒலிப்பதுண்டு. உடைந்த யூஎஸ்பி துளைக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் தொடக்கம் தடைபடலாம். இவை எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

ராம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

திறப்பதற்கு முன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து முழுமையாகக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பின்னர் பவர் பொத்தானைப் பத்து விநாடிகளுக்குமேல் அழுத்திப் பிடித்தால், மதர்போர்டில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுக்கக்கூடும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். எதையும் அசைப்பதற்கு முன் உட்புறத்தைப் பல கோணங்களில் படமெடுத்துவையுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்ற கேள்வி பிறகு எழாது.

பீப் ஒலிக்கான காரணங்களில் ராம்தான் முதலில் ஐயத்துக்குரியது. ராம் கெட்டுப்போவது அரிது. ஆனால் அதன் தொடுமுனைகளுக்கும் அது செருகப்பட்டிருக்கும் ஸ்லாட்டுக்கும் இடையே தொடர்பு நலிவது சாதாரணம். கணினி சூடாவதும் குளிர்வதுமாக இருக்கையில் இணைப்பு இம்மியளவு நகர்கிறது, தூசி படிகிறது, ஈரக்காற்றில் மெல்லிய படலம் உருவாகிறது, இடம் மாற்றும்போது பெட்டி குலுங்குகிறது. ஆகவே ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கிகளை விலக்கி ராமை நேராக மேலே எடுங்கள். தொடுமுனைகளை விரலால் தொடாமல், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பலரும் கையாளும் முறை. அது பலன் தருவதுண்டு என்றாலும், மெல்லிய தங்கப் பூச்சைத் தேய்த்துவிடக்கூடும், ரப்பர்த் துகள்களும் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால், வேறு வழியில்லாதபோது மட்டும், மிக மென்மையாகச் செய்யலாம் என்பதே என் கருத்து. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும். அழுத்தப்பட்ட காற்றடைத்த கேனைப் பயன்படுத்துவது நல்லது.

திரும்பச் செருகும்போது ராமின் அடியில் உள்ள வெட்டு, ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடுமுனைகள் இருந்தாலும் வெட்டின் இடம் வேறு. ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது, நுழைக்க வலிந்து முயலவும் கூடாது. இரு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து, டக் என்று கொக்கி பூட்டும் வரை அழுத்த வேண்டும். இதற்குத் தேவைப்படும் அழுத்தம் புதியவர்கள் எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிகம். பாதி செருகிய ராம் பார்வைக்குச் சரியாகவே தோன்றும், ஆனால் ஒலி நிற்காது.

அப்போதும் பயனில்லை என்றால், ஒரே ஒரு ராமை மட்டும் பொருத்தி இயக்குங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டுகளில் ஒற்றை ராமுக்கு உரிய இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது ஸ்லாட். அதற்கு ஏ2 என்று பெயரிட்டிருப்பார்கள். முதல் ராமை அங்கே சோதித்த பிறகு, அதே ஸ்லாட்டில் அடுத்ததைச் சோதியுங்கள். ஒன்று இயங்கி மற்றது ஒலித்தால் ராம் பழுது. இரண்டும் ஒரு ஸ்லாட்டில் ஒலித்து வேறு ஸ்லாட்டில் இயங்கினால் ஸ்லாட் பழுது. ராமையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு முறை ராமைக் கழற்றும்போதும் பவர் கேபிளை மீண்டும் பிடுங்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். டிடிஆர்5 ராம் உள்ள கணினியில், ராமை மாற்றியபின் முதன்முறை இயக்கும்போது அதன் வேகத்தைப் பயாஸ் அளந்து ஒழுங்குசெய்யச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ஒலி இல்லாமல் திரை மட்டும் இருண்டிருந்தால் அவசரப்பட்டு அணைத்துவிடாமல் காத்திருங்கள்.

இந்த இடத்தில் மிகவும் பயனுள்ள ஒரு சோதனை உண்டு. ஒலிப்பான் உள்ள கணினியில் எல்லா ராமையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். ராம் இல்லை என்பதற்கு உரிய ஒலி வந்தால், மதர்போர்டும் பிராசஸரும் பயாஸும் குறை கூறும் அளவுக்கு நலமாக இருக்கின்றன என்று பொருள். ராமைப் பொருத்தும்போது ஒலி மாறுகிறதா என்று பார்த்து மேலே செல்லலாம். முன்பு ஒலித்ததே மாறாமல் ஒலித்தால் ராமுக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ராம் இல்லாத நிலையிலும் மௌனமாகவே இருந்தால் கவனம் மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு, பேட்டரி, வெப்பம்

ஒலி கிராஃபிக்ஸைச் சுட்டினால், கார்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் உள்ள பூட்டை விடுவித்து, கார்டை எடுத்துத் திரும்பச் செருகுங்கள். கனமான கார்டுகள் நாளடைவில் ஒருபக்கம் சாய்ந்து இணைப்பை இழப்பதுண்டு. கார்டுக்குத் தனியாகப் பவர் சப்ளையிலிருந்து வரும் ஆறு அல்லது எட்டுப் பின் வயர் செருகப்படாமல் இருந்தாலும் பீப் ஒலி வரும். பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் வசதி இருக்குமானால் கார்டை முழுவதும் எடுத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் துளையில் இணைத்துப் பாருங்கள். திரை தெளிந்தால் கார்டோ அதன் ஸ்லாட்டோ பழுது என்று தீர்மானமாகிவிடும். எல்லாப் பிராசஸர்களிலும் இந்த வசதி இல்லை. உதாரணமாக, இன்டெலில் எஃப் என்ற எழுத்தில் முடியும் மேசைக்கணினி மாடல்களில் அது கிடையாது.

மதர்போர்டில் நாணயம் போலத் தெரிவது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கணினியின் தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால் அது தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பயாஸ் அமைப்புகள் குழம்பிப்போயிருந்தாலும், ராமின் வேகத்தை உயர்த்திய பிறகு கணினி எழ மறுத்தாலும், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு இந்தப் பேட்டரியைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்துவைத்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும். விண்டோஸில் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கர் செயல்பாட்டில் இருந்தால், இதற்குப் பிறகு அது 48 இலக்கங்கள் கொண்ட ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்துபவர்களுக்கு அந்தக் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருப்பது வழக்கம். பேட்டரியில் கைவைக்கும் முன்பே அதை வேறொரு கருவியில் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சிறிது நேரம் இயங்கிவிட்டு ஒலிக்கத் தொடங்கினாலோ, உயர்ந்தும் தாழ்ந்தும் மாறிமாறி ஒலி வந்தாலோ வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பிராசஸர் விசிறி சுழல்கிறதா, அதன் வயர் சிபியு ஃபேன் என்று குறித்த இடத்தில் இருக்கிறதா, பிராசஸரின் வெப்பத்தை வாங்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் இடுக்குகள் தூசியால் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்ற நேர்ந்தால் பிராசஸரின் மீது வெப்பம் கடத்துவதற்காகப் பூசப்பட்டிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்ட பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.

பவர் சப்ளையும் மதர்போர்டும்

மதர்போர்டுக்குச் செல்லும் 24 பின் இணைப்பையும், பிராசஸருக்கு அருகில் செருகப்படும் நான்கு அல்லது எட்டுப் பின் இணைப்பையும் ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுங்கள். இரண்டாவது இணைப்பு விடுபட்டால் விசிறிகள் சுழலும், கணினி மட்டும் எழாது. அதே திறனுள்ள வேறொரு பவர் சப்ளை கைவசம் இருந்தால் மாற்றிப் பார்ப்பதே சிறந்த சோதனை. பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தேங்கியிருக்கும்.

மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியோ, பழுப்பு நிறத் திரவம் கசிந்தோ இருந்தால் பழுது அங்கேதான். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தயாரான மதர்போர்டுகளில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. சால்டரிங் அனுபவம் இல்லாதவர்கள் இங்கே நின்று, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மடிக்கணினியாக இருந்தால்

மடிக்கணினியில் நாம் தொடக்கூடிய பாகங்கள் குறைவு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்திப் பிடித்து, பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பல மாடல்களில் ஒலிக்குப் பதிலாகக் கேப்ஸ்லாக் விளக்கோ பேட்டரி விளக்கோ மின்னும்; அதையும் ஒலியைப்போலவே எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடலாம். அடிப்பக்க மூடியைத் திறக்க முடிந்த மாடல்களில், பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து விடுவித்துவிட்டு ராமைக் கழற்றிச் செருகலாம். ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் சேவை மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கணினி எழுந்த பிறகு

ஒலி நின்று கணினி எழுந்ததும் முதலில் செய்ய வேண்டியது, முக்கியமான கோப்புகளை வெளிப்புற டிஸ்க்கில் நகலெடுப்பது. காரணம் தளர்ந்த இணைப்புதானா, தேய்ந்துகொண்டிருக்கும் ராமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதன்பின் மெம்டெஸ்ட்86 போன்ற கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ராமைச் சோதிக்க விட்டுவிடுங்கள். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவியும் தொடக்கச் சோதனைக்குப் போதும். ஒரேயொரு பிழை காட்டினாலும் ராம்களைத் தனித்தனியே மறுபடி சோதித்து, பிழை காட்டும் ராமை மாற்றிவிடுங்கள். அது கணினியை எழவிட்டுவிட்டு, பின்னர் நீங்கள் சேமிக்கும் கோப்புகளை ஓசையின்றிச் சிதைக்கக்கூடியது. சோதனை பிழையின்றி முடிந்தால் பயாஸுக்குள் சென்று தேதி, நேரம், டிஸ்க்கின் வரிசை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுப் பெட்டியை மூடலாம்.